புகார் "லேட்", காரணம் புரூஃப்: வாடிக்கையாளர் கருத்தை வைத்து ஒரு சிறிய அச்சகம் எதை மாற்றியது, எதை மாற்றவில்லை

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி ஒரு சிறிய டிஜிட்டல் அச்சகம். ஐந்து பேர் வேலை செய்கிறார்கள்: கவுண்டரில் ஒருவர், டிசைனர், மெஷின் ஆபரேட்டர், கட்டிங்கும் மடிப்பும் பைண்டிங்கும் பார்ப்பவர், எல்லாவற்றுக்கும் நடுவில் உரிமையாளர். மாதம் 160 ஆர்டர் அளவுக்கு வருகிறது. விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், சிறு கையேடு, பில் புத்தகம் என்று வழக்கமான வேலைகள்தான். குறிப்பிட்ட எந்தக் கடையையும் இது சுட்டவில்லை. கீழே வரும் எண்கள் கணக்கு எப்படிப் போகிறது என்று காட்ட வைத்தவை.

உரிமையாளர் முன் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: இரண்டாவது பிரிண்டிங் மெஷின் வாங்கலாமா? "சொன்ன நாளுக்குக் கிடைக்கவில்லை" என்ற புகார் அடிக்கடி வருகிறது, மெஷின் ஒன்றுதான் இருக்கிறது, அதனால் வேலை வரிசையில் நிற்கிறது என்பது கடையில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விளக்கம். எல்லோரும் ஒத்துக்கொண்ட விளக்கத்தை யாரும் சரிபார்ப்பதில்லை என்பதுதான் இதில் ஆபத்து. கடன் வாங்கி மெஷினை இறக்கிய பிறகும் அதே புகார் தொடர்ந்தால் திரும்பிப் போக வழியில்லை.

சிதறிக் கிடந்ததைச் சேர்த்தது

முதல் வேலை புதிதாகச் சர்வே எடுப்பது என்று பலர் நினைப்பார்கள். தேவையில்லை. கடந்த மூன்று மாதங்களில் ஏற்கெனவே வந்து விழுந்த கருத்துகளைத் திரட்டினாலே முதல் சுற்றுக்குப் போதும். வாட்ஸ்அப் உரையாடல்கள், கூகுள் வரைபடத்தில் வந்த விமர்சனங்கள், மறுபடி அச்சடித்துக் கொடுத்த வேலைகளின் பட்டியல், பில்லில் தள்ளுபடி கொடுத்த இடங்கள், கவுண்டரில் இருப்பவரின் நினைவு. இவற்றில் அதிகம் பேசுவது மறு அச்சும் தள்ளுபடியும்தான். வாயால் சொன்ன புகார் மறந்துபோகும். காசாகப் போனது கணக்கில் நிற்கும்.

ஒவ்வொரு கருத்தும் ஒரு தாளில் ஒரு வரி. தேதி, ஆர்டர் எண், வாடிக்கையாளர், வந்த வழி, அவர் சொன்ன சொற்கள், கடை கொடுத்த வகைப் பெயர் என ஆறு பத்தி. ஐந்தாவது பத்தியில் அவர் சொன்னது சொன்னபடியே இருக்க வேண்டும். "கலர் மோசம்" என்று சுருக்கி எழுதினால், அவர் உண்மையில் சொன்ன "போன தடவை அடித்த கார்டு மாதிரி இல்லை" என்பது தொலைந்துவிடும். இரண்டுக்கும் தீர்வு வேறு. குரல் பதிவாக வந்தால் முக்கியமான வாக்கியத்தை மட்டும் அப்படியே எழுத்தில் இறக்கினால் போதும்.

ஆர்டர் எண் இல்லாத கருத்து பாதிக் கருத்துதான். எந்த வேலை, எப்போது வந்தது, எங்கே நின்றது என்று பின்னால் போய்ப் பார்க்கும் கயிறு அந்த எண்தான். பெயரில்லாமல் வந்த விமர்சனங்களை ஆர்டரோடு இணைக்க முடியாவிட்டால் தனியே ஒதுக்கி வைக்கலாம். எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.

வகை பிரிப்பில் ஒரு சின்னச் சோதனை கட்டாயம். முதல் 20 வரிகளை உரிமையாளரும் கவுண்டரில் இருப்பவரும் ஒருவர் பார்க்காமல் மற்றவர் தனித்தனியே பிரிக்க வேண்டும். பிறகு ஒப்பிட வேண்டும். 20-இல் நான்கு, ஐந்து வரிகளுக்கு மேல் வேறுபட்டால் வகைகளின் எல்லை தெளிவாக இல்லை என்று பொருள். இங்கே "தாமதம்" என்ற வகையில்தான் சண்டை வந்தது. "வாங்க வந்தேன், ரெடியாகவில்லை", "ரெடியானதைச் சொல்லவே இல்லை", "எப்போது கிடைக்கும் என்று கேட்டால் பதில் இல்லை" என்ற மூன்றையும் கவுண்டர் தாமதம் என்று போட்டது. உரிமையாளர் முதல் ஒன்றை மட்டும் அப்படிப் போட்டார். கடைசியில் ஒரே வகைக்குள் மூன்று உட்பிரிவு வைத்தார்கள். 

மூன்று மாதத்தில் சேர்ந்தவை 60 வரிகள். தாமதம் 27, நிறம் 13, எழுத்துப்பிழை 8, கட்டிங்-மடிப்பு 6, பில் 4, மற்றவை 2. அந்த 27-உம் 27 தனித்தனி ஆர்டர்கள். ஆனால் 27 பேர் சொன்னவை அல்ல. ஒரே வாடிக்கையாளர் 6 முறை சொல்லியிருந்தார். ஆர்டர் வாரியாகவும் ஆள் வாரியாகவும் இரண்டு தடவை எண்ணாவிட்டால் குரல் பெரிதாக உள்ள ஒருவர் கடையின் திட்டத்தையே எழுதிவிடுவார். அவர் சொன்னது தவறு என்பதில்லை. அவருடைய வேலை எல்லாமே அவசர வேலை. அதை வைத்து மற்றவர்களின் வேலையை அளக்க முடியாது.

27 வேலைகளையும் கட்டம் கட்டமாகப் பிரித்தது

ஒரு வேலை கடையில் கடக்கும் கட்டங்கள்: ஆர்டர் வந்தது, விஷயமும் படமும் முழுதாக வந்து சேர்ந்தது, புரூஃப் (அச்சுக்கு முன் வாடிக்கையாளர் சரிபார்க்க அனுப்பும் மாதிரி) அனுப்பியது, புரூஃபுக்கு ஓகே வந்தது, அச்சு தொடங்கியது, முடிந்தது, பினிஷிங் (கட்டிங், மடிப்பு, பைண்டிங், லேமினேஷன்) முடிந்தது, "ரெடி" என்று சொன்னது, வாடிக்கையாளர் எடுத்துப் போனது. இந்த அச்சகத்தில் ஜாப் கார்டு (ஒவ்வொரு வேலைக்கும் எழுதும் குறிப்பு அட்டை) இருந்தது; ஆனால் அதில் ஆர்டர் தேதியும் கொடுக்கும் தேதியும் தவிர வேறு எதுவும் இல்லை.

நடுவில் உள்ள நேரங்களை எங்கிருந்து எடுப்பது? பெரும்பாலும் வாட்ஸ்அப்பிலேயே கிடக்கிறது. புரூஃப் படம் போன நிமிடம், "ஓகே" வந்த நிமிடம், இரண்டும் உரையாடலில் அப்படியே இருக்கும். மெஷினின் வேலைப் பதிவில் அச்சு தொடங்கிய நேரம் இருக்கும். டிசைன் கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரம் கணினியில் இருக்கும். 27 வேலைக்கு இவற்றைத் தேடி எழுத ஒரு முழு மதியம் பிடிக்கும். மெஷின் கடனின் முதல் தவணையை நினைத்தால் மலிவு.

வந்த விடை கடையில் யாரும் எதிர்பார்க்காதது. 27-இல் 17 வேலைகளில் மிக நீண்ட காத்திருப்பு, புரூஃப் போனதற்கும் ஓகே வந்ததற்கும் இடையில். 6 வேலைகள் பினிஷிங்கில் நின்றன. பெரும்பாலும் லேமினேஷனுக்கு வெளியே அனுப்பியவை. மெஷினுக்காகக் காத்திருந்தது 4 மட்டும்.

இங்கேயே நிறுத்தி "வாடிக்கையாளர்தான் ஓகே சொல்லத் தாமதிக்கிறார், தப்பு நம்மிடம் இல்லை" என்று கோப்பை மூடிவிடுவது எளிது. பல கடைகள் இங்கேதான் நிறுத்துகின்றன. ஆனால் புகார் வந்த வேலைகளை மட்டும் பார்த்து ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தால், அதே காரணம் புகார் வராத வேலைகளிலும் இருக்கிறதா என்று பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. அதனால் அதே மூன்று மாதங்களில் புகார் வராத 27 வேலைகளைச் சீரான இடைவெளியில் எடுத்து அதே நேரங்களை எழுதினார்கள். ஆர்டர் எண் வரிசையில் ஒவ்வொரு பதினைந்தாவது வேலையையும் எடுத்தால் நமக்குப் பிடித்ததைப் பொறுக்கும் பழக்கம் நுழையாது.

புகார் வராத 27-இலும் 9 வேலைகளில் புரூஃப் ஒரு நாளுக்கு மேல் நின்றிருந்தது. ஆக, காத்திருப்பு மட்டும் புகாரை உண்டாக்கவில்லை. இந்த 9-ஐயும் முந்தைய 17-ஐயும் பக்கத்தில் வைத்து உரையாடல்களைப் படித்தபோது வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. 9-இல் 7 வேலைகளுக்குக் கவுண்டரிலிருந்து நினைவூட்டல் போயிருந்தது, அல்லது புதிய தேதி சொல்லப்பட்டிருந்தது. 17-இல் 14 வேலைகளுக்கு அப்படி ஒரு வரிகூடப் போகவில்லை. புரூஃப் படம் போனது, பிறகு இரண்டு பக்கமும் மௌனம். கடை ஓகேக்காகக் காத்திருக்கிறது. வாடிக்கையாளரோ வேலை ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, சொன்ன நாளில் வந்து நிற்கிறார்.

ஏன் அப்படி நினைக்கிறார்? அடுக்கடுக்காக ஏன் என்று கேட்டுக்கொண்டே போனதில் இரண்டு காரணங்கள் கிடைத்தன. ஒன்று, ஆர்டர் கொடுக்க வருபவரும் புரூஃபுக்கு ஓகே சொல்லும் அதிகாரம் உள்ளவரும் பல வேலைகளில் வேறு வேறு ஆட்கள். அலுவலக உதவியாளர் வந்து ஆர்டர் கொடுப்பார். அவர் எண்ணுக்குப் புரூஃப் போகும். அவர் மேலதிகாரிக்கு அனுப்புவார். அங்கிருந்து பதில் வராது. இரண்டு, "புதன்கிழமை தருகிறோம்" என்று கவுண்டர் சொன்ன தேதி, ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து எண்ணியது. புரூஃப் ஓகே வந்தால்தான் அந்தத் தேதி என்று யாரும் சொல்லவில்லை, பில்லிலும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. நினைவூட்டல் பெற்றவர்கள் பெரும்பாலும் பழகிய வாடிக்கையாளர்களாக இருக்கலாம். பழகியவர்கள் எப்படியும் குறைவாகத்தான் புகார் சொல்வார்கள். அப்படியானால் நினைவூட்டலுக்கும் புகார் வராததற்கும் நேரடித் தொடர்பு இல்லாமல் போகலாம். இந்தச் சந்தேகத்தைப் பழைய தரவிலிருந்து தீர்க்க முடியாது. ஒரு மாதம் எல்லோருக்கும் நினைவூட்டல் அனுப்பிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் அதையே முதல் மாற்றமாக எடுத்தார்கள்.

நிறம்: எண்ணிக்கை சொன்னதும் எடை சொன்னதும்

நிறப் புகார் 13. கேட்டவுடன் மெஷின் காலிபரேஷனை (நிறம் சரியாக வர மெஷினைச் சீர்செய்வது) கை காட்டத் தோன்றும். சொன்ன சொற்களை அப்படியே எழுதி வைத்தது இங்கே உதவியது. 9 பேர் ஃபோன் திரையில் பார்த்ததோடு ஒப்பிட்டவர்கள். 3 பேர் இதே கடையில் முன்பு அடித்த அதே வேலையோடு ஒப்பிட்டவர்கள். ஒன்று மேட் லேமினேஷன் போட்டதால் நிறம் மங்கியது.

9 பெரிய எண். ஆனால் அதில் கடையால் முழுதாகத் தீர்க்கக்கூடியது குறைவு. திரை ஒளியை உமிழ்கிறது. தாள் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திரையில் மூன்று நிற ஒளியில் கிடைக்கும் சில அடர் நீலங்களும் பளிச்சிடும் பச்சைகளும் நான்கு நிற அச்சில் கிடைக்காது. நீலம் ஊதாப் பக்கம் சாய்வது எல்லா அச்சகத்திலும் கேட்கும் குறை. இதற்குச் செய்யக்கூடியது முன்கூட்டியே சொல்வதும், நிறம் முக்கியமான வேலையென்றால் அதே தாளில் ஒரு பிரதி அடித்துக் காட்டுவதும்தான். பூச்சுள்ள தாளில் அடித்துக் காட்டிவிட்டு பூச்சில்லாத தாளில் வேலையை அடித்தால் அந்தச் சாம்பிளுக்குப் பயனில்லை. பூச்சில்லாத தாளில் அதே நிறம் மங்கலாகத் தெரியும்.

எண்ணிக்கையில் சிறிய அந்த மூன்றுதான் உண்மையில் கனமானவை. திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளர்கள், அதே வேலை, முன்பைவிட வேறு நிறம். இங்கே குறை முழுக்கக் கடையுடையது. மூன்று வேலைகளின் பழைய பதிவைத் தேடியபோது எந்தத் தாளில், என்ன கனத்தில், மெஷினில் எந்த அமைப்பில் அடித்தோம் என்று எங்கும் எழுதவில்லை. கோப்பு மட்டும் இருந்தது. தீர்வு எளிது: ஒவ்வொரு வேலையிலிருந்தும் ஒரு பிரதியை எடுத்து, பின்பக்கம் ஆர்டர் எண், தாள் பெயர், ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு), மெஷின் அமைப்பு, லேமினேஷன் வகை எழுதி உறையில் போட்டு வைப்பது. மறுபடி அதே வேலை வந்தால் முதல் தாளை அந்தப் பிரதியோடு ஒரே வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த பிறகே மீதி ஓட்டுவது. வெளிச்சம் முக்கியம், மஞ்சள் விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் பகல் வெளிச்சத்தில் பிரிந்துவிடலாம். சாம்பிள் உறைகளை வெயில் படாத இடத்தில் வைக்காவிட்டால் அவையே மங்கிப்போய், ஒப்பிட வைத்ததே தவறான அளவாகிவிடும்.

கட்டிங் பற்றிய புகார் 6 மட்டும்தான் என்று அதைக் கடைசிக்குத் தள்ளக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஜப்பானியத் தர மேலாண்மை அறிஞர் நோரியாகி கானோ 1984-இல் வாடிக்கையாளர் எதிர்பார்ப்புகளுக்கு முன்வைத்த பகுப்பில் ஒரு வகை, இருந்தே ஆக வேண்டிய அம்சங்கள். அவை சரியாக இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். பிசகினால் மட்டும் கோபம் வரும். கார்டு நேராக வெட்டப்பட்டிருப்பது அந்த வகை. 6-இல் 4, ஓரம் வரை நிறம் போகும் டிசைனில் 3 மில்லிமீட்டர் கூடுதல் விளிம்பு விடாமல் வந்த கோப்புகள்; வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரிந்தது. கோப்பு உள்ளே வரும்போதே டிசைனர் பார்க்க வேண்டிய ஒன்று. ஜாப் கார்டில் ஒரு கட்டம் சேர்த்ததோடு அது முடிந்தது.

கேட்கும் முறை

பழைய கருத்துகளில் சத்தம் போட்டவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். சொல்லாமல் போனவர்கள் இல்லை. அவர்களைத் தேட பில் பதிவு போதும்: முன்பு மூன்று தடவைக்கு மேல் வந்து, கடந்த ஆறு மாதமாக வராதவர்களின் பட்டியல். உரிமையாளரே ஃபோன் செய்தால் மரியாதைக்காக நல்லதையே சொல்வார்கள். "ஏன் வரவில்லை" என்று கேட்டால் தற்காத்துக்கொள்வார்கள். கேள்வியைக் கடந்த காலத்தில், ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியின் மேல் வைக்க வேண்டும். "கடைசியாக இந்த மாதிரி வேலையை எங்கே கொடுத்தீர்கள்? அங்கே கொடுத்ததற்கு என்ன காரணம்?" என்றால் நடந்ததைச் சொல்வார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளனகன் 1954-இல் விரிவாக எழுதிய முக்கிய நிகழ்வு முறையின் அடிப்படையும் இதுவே: பொதுக் கருத்தை விட்டுவிட்டு, நடந்த ஒரு சம்பவத்தைக் கேள்.

புது வாடிக்கையாளர்களுக்கு டெலிவரி முடிந்து இரண்டாவது நாள் ஒரு செய்தி. கவுண்டரில் வைத்துக் கேட்டால் அவர் இன்னும் கட்டைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டார். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் மறந்திருப்பார். மூன்று கேள்விக்கு மேல் போனால் பதில் வராது. இங்கே வைத்தவை:

எந்த வேலைக்காக எங்களிடம் வந்தீர்கள்?
கொடுத்ததிலிருந்து கையில் வாங்கும் வரை எந்த இடத்தில் சிரமமாக இருந்தது?
அடுத்த தடவை ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றச் சொல்வீர்கள்?

"எங்கள் சேவை திருப்தியாக இருந்ததா?" என்பதை எடுத்துவிட்டார்கள். அதற்கு ஆமாம் என்று மட்டுமே பதில் வரும். ஆமாமை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

மதிப்பெண் கேட்பது பற்றியும் ஒரு வார்த்தை. 0 முதல் 10 வரை "மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா" என்று கேட்டு, 9, 10 தந்தவர்களின் சதவீதத்திலிருந்து 6 வரை தந்தவர்களின் சதவீதத்தைக் கழிக்கும் முறையை வணிக ஆலோசகர் ஃபிரெட் ரைக்ஹெல்ட் 2003-இல் பரப்பினார். பெரிய நிறுவனத்துக்கு அது பொருந்தலாம். இந்த அளவுக் கடையில் மூன்று மாதத்தில் 30 பதில் வந்தது என்று வைப்போம்: 15 பேர் 9 அல்லது 10, 9 பேர் நடுவில், 6 பேர் கீழே. மதிப்பெண் 50-இலிருந்து 20 போய் 30. ஆனால் 30 பதிலில் அந்த எண்ணின் பிழை எல்லை இரு பக்கமும் ஏறக்குறைய 28 புள்ளி. உண்மையான மதிப்பு 2 ஆகவும் இருக்கலாம், 58 ஆகவும் இருக்கலாம். அடுத்த காலாண்டில் 40 ஆனது என்று மகிழ்வதற்கும் 20 ஆனது என்று கவலைப்படுவதற்கும் இதில் ஒன்றுமில்லை. எண் வேண்டாம், அவர்கள் எழுதும் வாக்கியங்கள் வேண்டும்.

திருப்தியாக இருப்பவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கூகுளில் விமர்சனம் எழுதச் சொல்வதும், தள்ளுபடிக்கு நட்சத்திரம் வாங்குவதும் கூகுளின் விதிகளுக்கே எதிரானவை. அதைவிடப் பெரிய நட்டம், கடைக்குத் தேவையான தகவல் அங்கே வடிகட்டப்பட்டுப் போய்விடும்.

வாடிக்கையாளர் தரும் தீர்வையும் அப்படியே எடுக்கக் கூடாது. 5 பேர் "ஆன்லைனில் ஆர்டர் போடும் வசதி வேண்டும்" என்றார்கள். இணையதளம் செய்யத் தொடங்கும் முன், "அது இருந்தால் எதற்குப் பயன்படுத்துவீர்கள்?" என்று திருப்பிக் கேட்டதில், 4 பேருக்குத் தேவைப்பட்டது தங்கள் வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான். அதற்கு இணையதளம் வேண்டாம்.

மாற்றியவை

மாற்றங்களை ஒரே நாளில் எல்லாம் சேர்த்து இறக்கினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஆனால் சிறு கடையில் ஒவ்வொன்றையும் மாதக்கணக்கில் தனியே சோதித்துக்கொண்டிருக்கவும் முடியாது. இடைவழியாக, தொடர்பில்லாத புகார்களுக்கான மாற்றங்களை ஒரே சமயத்தில் செய்தார்கள். ஒரே புகாருக்கான இரண்டு மாற்றங்களை மட்டும் ஒரு மாத இடைவெளியில் வைத்தார்கள்.

முதல் மாதம் நினைவூட்டல். புரூஃபோடு போகும் செய்தி இப்படி மாறியது: "வணக்கம். ஆர்டர் 412, நோட்டீஸ் புரூஃப் இணைத்துள்ளோம். பெயர், தேதி, ஃபோன் எண் மூன்றையும் ஒருமுறை சரிபாருங்கள். உங்கள் ஓகே வந்த பிறகுதான் அச்சு தொடங்கும். அதுவரை வேலை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும்." நான்கு வேலை மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல், மறுநாள் காலை ஒரு ஃபோன். அதற்கு மேல் துரத்துவதில்லை. பெயர், தேதி, எண் என்று பெயர் சொல்லிக் கேட்டதற்கு இன்னொரு பயனும் கிடைத்தது. எழுத்துப்பிழைப் புகார் 8-இல் பெரும்பாலானவை இந்த மூன்றில்தான் இருந்தன. "புரூஃப் பார்க்கவும்" என்று மொட்டையாகச் சொன்னால் வாடிக்கையாளர் டிசைனைப் பார்ப்பார், எழுத்தைப் பார்க்க மாட்டார்.

இரண்டாவது மாதம் தேதி சொல்லும் முறை. "புதன்கிழமை" என்ற சொல் போய், "புரூஃபுக்கு ஓகே வந்ததிலிருந்து இரண்டு வேலை நாள், மதியம் 3 மணிக்கு மேல் வரும் ஓகே மறுநாள் கணக்கு" என்பது வந்தது. லேமினேஷன் உண்டென்றால் இன்னொரு நாள். இது பில்லிலும் அச்சாகிறது. ஜாப் கார்டில் "ஓகே சொல்பவர்: பெயர், எண்" என்று ஒரு கட்டம் சேர்ந்தது, ஆர்டர் எடுக்கும்போதே அதை நிரப்பாமல் கார்டு உள்ளே போகாது. நான்கு நேரங்களைக் குறிக்கவும் இடம் விட்டார்கள்: புரூஃப் போனது, ஓகே வந்தது, அச்சு தொடங்கியது, ரெடியானது. எட்டு நேரம் கேட்டால் ஒரு வாரத்தில் யாரும் எழுத மாட்டார்கள்.

இதிலேயே ஒரு புதுச் சிக்கல் முளைத்தது. 3 மணி விதி அவசர வேலைக்காரர்களை எரிச்சலாக்கியது. மாலை 5 மணிக்கு ஓகே சொல்லிவிட்டு மறுநாள் காலை கேட்பவர்களுக்கு முன்பு எப்படியோ நடந்துகொண்டிருந்தது. இப்போது விதி குறுக்கே நின்றது. விதியைத் தளர்த்தாமல், தினமும் காலையில் மெஷினில் முதல் ஒரு மணி நேரத்தை அவசர வேலைக்குக் காலியாக விட்டு, அதற்குத் தனிக் கட்டணம் வைத்தார்கள். அடிக்கடி புகார் சொன்ன அந்த ஒருவர் இதைத்தான் பயன்படுத்துகிறார்.

பலன் தெரிகிறதா என்று பார்த்தது

தாமதப் புகார் மூன்று மாதத்தில் 27, மாதச் சராசரி 9. முதல் மாற்றத்துக்குப் பின் வந்த மாதம் 5. வெற்றி என்று சொல்லலாமா? அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட் 1924-இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடத்தின் (தற்செயல் ஏற்ற இறக்கத்தின் எல்லையைக் காட்டுவது) எளிய கணக்கு இதற்கு உதவும். எண்ணிக்கைகளுக்குச் சராசரியின் வர்க்கமூலத்தை மூன்றால் பெருக்கி, சராசரியோடு கூட்டியும் அதிலிருந்து கழித்தும் பார்க்க வேண்டும். 9-இன் வர்க்கமூலம் 3. மூன்று மடங்கு 9. ஆக எல்லை 0 முதல் 18 வரை. எதையும் மாற்றாமலே ஒரு மாதம் 5-உம் இன்னொரு மாதம் 13-உம் வரக்கூடிய கடை இது. ஒரு மாதத்துப் புகார் எண்ணிக்கையை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. போதாக்குறைக்கு, கேட்கத் தொடங்கியதும் கருத்துகள் கூடத்தான் செய்யும். தானாக வந்ததையும் கேட்டு வந்ததையும் தனித்தனியே எண்ணாத கடை, கேட்டதே தப்பு என்று முடிவு கட்டிவிடும்.

அதனால் புகாரை விட்டு, ஒவ்வொரு வேலையிலும் அளக்கக்கூடியதைப் பார்த்தார்கள். புரூஃப் போனதிலிருந்து ஓகே வரும் வரை ஆன நேரத்தின் நடு மதிப்பு முன்பு 22 மணி நேரம், நினைவூட்டலுக்குப் பின் 9. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அளவு கிடைப்பதால் ஒரே மாதத்தில் 160 தரவுகள். புகாரோ மாதத்துக்கு ஒற்றை இலக்கம். சராசரிக்குப் பதில் நடு மதிப்பு எடுத்தது, பத்து நாள் பதில் சொல்லாத ஓரிருவர் சராசரியை இழுத்துவிடுவார்கள் என்பதால்.

இரண்டாவது மாற்றத்தை அளப்பதில்தான் கவனம் தேவைப்பட்டது. முன்பு 40 வேலைகளில் 26 சொன்ன தேதிக்குள் முடிந்தன. பின்பு 40-இல் 35. ஆனால் சொன்ன தேதி என்பதன் பொருளையே நடுவில் மாற்றிவிட்டார்கள். ஓகே வந்த பிறகு எண்ணத் தொடங்கினால் எந்தக் கடைக்கும் இந்த எண் உயரும். புதிய 40 வேலைகளைப் பழைய கணக்கில், அதாவது ஆர்டர் நாளிலிருந்து எண்ணிப் பார்த்தபோது 31 தேறின. வேகத்தில் வந்த முன்னேற்றம் 26-இலிருந்து 31 வரை மட்டும். 40 வேலைகளில் 5 வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. மீதி நான்கும் தெளிவாகச் சொன்னதால் வந்தவை. வாடிக்கையாளருக்கு அந்த நான்கும் உண்மையான பயன்தான், ஏனென்றால் அவர் வீணாக ஒரு நடை வருவது குறைகிறது. ஆனால் கடை வேகமாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ள அது ஆதாரமாகாது. இரண்டு எண்களையும் அடுத்தடுத்த பத்தியில் எழுதி வருவதே சரி.

பதிவு நின்றுபோகும் இடங்களும் தெரிந்திருக்க வேண்டும். வாரக் கூட்டத்தில் "இது யாருடைய தப்பு?" என்று ஒருமுறை கேட்டால் போதும், அடுத்த வாரம் கவுண்டரிலிருந்து புகார் வரி குறையும். "புகார் குறைந்தால் போனஸ்" என்று அறிவித்தால் எழுதுவதே நிற்கும். தாளில் வேலை செய்தவர் பெயருக்குப் பத்தி வைக்காதது அதனால்தான்; கட்டத்தின் பெயர் மட்டும் போதும். வாரம் 20 நிமிடம், புதிய வரிகளை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் ஆர்டர் எண்ணை வைத்துக் கட்டத்தைச் சொல்ல வேண்டும். முடிவெடுப்பது மாதம் ஒருமுறை மட்டும். வாராவாரம் முடிவெடுத்தால் கடைசியாகக் கேட்ட புகாருக்கே மாற்றம் நடக்கும்.

கருத்து சொன்னவர்களுக்குப் பதில் போக வேண்டும், செய்யாததற்கும் சேர்த்து. 27 வேலைகளுக்குரியவர்களுக்கு "நீங்கள் சொன்னதால் தேதி சொல்லும் முறையை இப்படி மாற்றியிருக்கிறோம்" என்று இரண்டு வரி. இணையதளம் கேட்ட 5 பேருக்கு, இப்போது அது இல்லை, வேலையின் நிலையை வாட்ஸ்அப்பில் ஆர்டர் எண் அனுப்பிக் கேட்கலாம் என்ற பதில்.

மெஷின் வாங்கும் யோசனை தள்ளிவைக்கப்பட்டது. மெஷினுக்காகக் காத்திருந்த 4 வேலைகளும் மாதத்தின் கடைசி வாரத்தில் வந்தவை, அந்த வாரத்துக்கு மட்டும் வெளியே கொடுத்து அடிக்க ஏற்பாடாயிற்று. ஜாப் கார்டில் அச்சு தொடங்கிய நேரம் இப்போது பதிவாவதால், ஓகேக்கும் அச்சுக்கும் இடையிலான நடு மதிப்பு ஒரு வேலை நாளைத் தாண்டும் மாதம் வந்தால் அந்தப் பேச்சு மறுபடி மேசைக்கு வரும். அடுத்து எடுத்துக்கொண்டது பினிஷிங்கில் நின்ற 6 வேலைகள். லேமினேஷன் வெளியே போய்த் திரும்பும் நேரத்தையும், மாதத்துக்கு எத்தனை தாள் போகிறது என்பதையும் மூன்று மாதம் எழுதி வருகிறார்கள். சிறிய லேமினேஷன் மெஷின் ஒன்றைச் சொந்தமாக வைப்பதா, வெளியே கொடுக்கும் இடத்தோடு தினம் இரண்டு முறை எடுத்துப் போக ஒப்பந்தம் பேசுவதா என்பது அந்தக் கணக்கைப் பொறுத்தது.